தண்ணீரை மட்டும் எண்ணும் அயோடின்

250 மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்ட அமாக்சிசிலின் காப்சூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடைத்திருக்கும் மருந்து உண்மையில் ஏறத்தாழ 287 மில்லிகிராம் இருக்கும். மிகையாக உள்ள 37 மில்லிகிராமும் தண்ணீர். யாரும் ஊற்றிக் கலந்த தண்ணீர் இல்லை. அமாக்சிசிலின் படிகமாகும்போது ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுதான் படிகமாகிறது. எடையில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்று மேல் தண்ணீர்தான். ஆனாலும் விரலில் எடுத்துத் தேய்த்தால் ஈரம் தெரியாது; பொடி உதிரியாகவே இருக்கும்.

பள்ளியில் பார்த்த மயில்துத்தமும் இப்படித்தான். அந்த நீலக் கல்லின் எடையில் 36 சதவீதம் தண்ணீர். சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் குழாயின் வாயருகே நீர்த்துளிகள் படியும், நீலம் போய் வெள்ளைப் பொடி மிஞ்சும். படிக நீர் என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

அமாக்சிசிலினில் தண்ணீர் 11.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 14.5 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது என்று அமெரிக்க, ஐரோப்பிய மருந்துத் தர நூல்கள் வரம்பு கட்டியிருக்கின்றன. குறைந்தால் படிக அமைப்பு குலைந்திருக்கிறது என்று பொருள். கூடினால் படிகத்தில் கட்டுண்ட நீரைத் தவிர வேறு ஈரமும் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த உபரி ஈரம், நோய்க்கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்கிற நான்கு அணு வளையத்தையே உடைத்துவிடும். ஆக ஒவ்வொரு தொகுதி மருந்திலும் தண்ணீர் எவ்வளவு என்று அளந்தே ஆக வேண்டும். எப்படி அளப்பது?

யாருக்கும் முதலில் தோன்றும் வழி, எடை போட்டு, அடுப்பில் வைத்து உலர்த்தி, மறுபடி எடை போடுவது. 105 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் குறைந்த எடைதான் தண்ணீர். மண்ணுக்கும் தானியத்துக்கும் இந்த முறை போதும். நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்று காட்டும் ஈரப்பதக் கருவியைக்கூட இப்படி அடுப்பில் உலர்த்திக் கண்ட அளவோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். மருந்து ஆய்வகங்களில் இதற்கு ‘எல்.ஓ.டி.’ என்று பெயர். மலிவானது, எளியது. இதை இளக்காரமாகப் பேசும் வேதியியலாளர்களைக் கண்டால் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அடுப்புக்கு ஒரு குறை உண்டு. எது வெளியேறியது என்று அதற்குத் தெரியாது. எடை குறைந்தது என்பது மட்டுமே தெரியும். ஏலக்காயை உலர்த்தினால் தண்ணீரோடு மணமுள்ள எண்ணெயும் பறந்துவிடும். எல்லாம் ஈரப்பதக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் நறுமணப் பொருள்களை டொலுவீனில் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர்வித்து, அடியில் பிரிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் அளவுக் குழாயில் பார்க்கிறார்கள். டீன், ஸ்டார்க் என்ற இருவர் 1920இல் கொடுத்த கண்ணாடி அமைப்பு அது. இன்றும் ஓடுகிறது. சில சேர்மங்களில் சிக்கல் நேர்மாறானது. தண்ணீர் இறுகப் பிணைந்திருக்கும், 105 டிகிரிக்கு அசையாது. இன்னும் சூட்டை ஏற்றினால் சேர்மமே கருகும். திரவங்களின் கதை இதைவிட மோசம். மெத்தனாலில் உள்ள தண்ணீரை அடுப்பில் கண்டுபிடிக்க முயன்றால் கடைசியில் கிண்ணத்தில் எதுவுமே மிஞ்சாது.

இந்த இடத்தில்தான் கார்ல் ஃபிஷர் வருகிறார். 1901இல் மியூனிக் அருகே பிறந்த ஜெர்மானியர், பெட்ரோலிய வேதியியலாளர். அவர் வேலை பார்த்த எடலியானு நிறுவனத்தின் பெயர், லாசர் எடலியானு என்ற ருமேனிய வேதியியலாளரின் பெயர். ருமேனியக் கச்சா எண்ணெயிலிருந்து கிடைத்த மண்ணெண்ணெயில் அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுதி. விளக்கில் ஊற்றினால் புகை கக்கும். அந்தச் சேர்மங்களைத் திரவ சல்ஃபர் டை ஆக்சைடில் கரைத்துப் பிரித்தெடுக்கலாம் என்று 1908 வாக்கில் கண்டுபிடித்தவர் எடலியானு. (ஆம்ஃபெட்டமினை 1887இல் முதன்முதலாகத் தயாரித்தவரும் இதே எடலியானுதான். அதன் மருந்துக் குணம் தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.)

சல்ஃபர் டை ஆக்சைடு மைனஸ் 10 டிகிரியில் கொதிக்கும் பொருள். அதை அழுத்தித் திரவமாக்கி, பயன்படுத்தி, ஆவியாக்கி, மறுபடி திரவமாக்கிச் சுற்றில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உலர்ந்த சல்ஃபர் டை ஆக்சைடு இரும்பை ஒன்றும் செய்யாது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அமிலமாகிக் குழாயையும் அழுத்தும் பொறியையும் அரிக்கும். ஆகவே அந்த விறைக்கும் திரவத்துக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிவது தொழிற்சாலைக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. அடுப்பும் உதவாது, டொலுவீனும் உதவாது.

ஃபிஷர் கையில் எடுத்தது ஒரு பழைய வினை. ராபர்ட் புன்சன், ஆய்வக அடுப்புக்குப் பெயர் தந்த அதே புன்சன், 1853இல் சல்ஃபர் டை ஆக்சைடை அயோடினைக் கொண்டு அளந்து காட்டியிருந்தார். ஒரு அயோடின் மூலக்கூறும் ஒரு சல்ஃபர் டை ஆக்சைடு மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்தால் கந்தக அமிலமும் ஹைட்ரோஅயோடிக் அமிலமும் கிடைக்கும். புன்சனின் சோதனையில் தண்ணீர்தான் கரைப்பான். அது வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது, யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஃபிஷர் இதைத் தலைகீழாக்கினார். சல்ஃபர் டை ஆக்சைடு தாராளமாக இருக்கட்டும், தண்ணீர் மட்டும் பற்றாக்குறையாக இருக்கட்டும். அப்போது தண்ணீர் இருக்கும் வரைதான் வினை ஓடும். தண்ணீர் தீர்ந்த நொடியில் அயோடின் செலவாகாமல் நிற்கும். செலவான அயோடினைக் கணக்குப் பார்த்தால் தண்ணீர் தெரிந்துவிடும்.

நான்கு பொருள்கள் சேர்ந்ததுதான் அவர் கரைசல்: அயோடின், சல்ஃபர் டை ஆக்சைடு, கரைப்பானாக மெத்தனால், உண்டாகும் அமிலத்தை நடுநிலையாக்கப் பிரிடின். 1935இல் ஜெர்மன் வேதியியல் இதழான ‘அங்கேவாண்டே கெமி’யில் அதை வெளியிட்டார். பியூரெட்டில் பழுப்புக் கரைசல். துளித்துளியாக விழும்போது பழுப்பு மறைந்து மஞ்சளாகும். தண்ணீர் தீர்ந்ததும் அடுத்த துளியின் பழுப்பு மறையாமல் நின்றுவிடும். அதுதான் முடிவுப் புள்ளி. தரம் பார்த்தல் என்று பதினொன்றாம் வகுப்பில் செய்தது இதே வேலைதான். அங்கே அமிலத்துக்குக் காரம், இங்கே தண்ணீருக்கு அயோடின்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஃபிஷர் தன் வினையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். புன்சனின் சமன்பாட்டை அப்படியே நம்பி, ஒரு அயோடினுக்கு இரண்டு நீர் மூலக்கூறு செலவாகிறது என்று எழுதினார். 1939இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மித், பிரையன்ட், மிட்செல் மூவரும் அளந்து பார்த்தபோது, ஒரு அயோடினுக்கு ஒரே ஒரு நீர் மூலக்கூறுதான் என்று தெரிந்தது. வெறும் கரைப்பான் என்று நினைத்த மெத்தனால் வினைக்குள்ளேயே இருந்தது. புன்சனின் வினையில் ஒரு நீர் மூலக்கூறு ஆக்சிஜனைக் கொடுக்கிறது. இன்னொன்று கந்தக அமிலம் உருவாக இடம் நிரப்புகிறது. மெத்தனால் நிறைய இருக்கும்போது அந்த இரண்டாவது இடத்தில் மெத்தனாலே உட்கார்ந்துகொள்கிறது. கந்தக அமிலத்துக்குப் பதில் அதன் மெத்தில் எஸ்டர் உண்டாகிறது. மெத்தனாலைக் குறைத்துத் தண்ணீரை மிகுதியாக்கினால் கணக்கு மெல்ல மெல்லப் புன்சன் பக்கம் சாயும்.

கணக்கு இரண்டு மடங்கு பிசகினால் விடையும் இரண்டு மடங்கு பிசக வேண்டாமா? பிசகவில்லை. சமன்பாட்டை நம்பி யாரும் விடை எழுதாததுதான் காரணம். எடை தெரிந்த தண்ணீரை முதலில் குடுவையில் இட்டு, கரைசல் எத்தனை மில்லிலிட்டர் செலவாகிறது என்று பார்த்து, ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் தண்ணீர் என்று தரப்படுத்திக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஒரு அயோடினுக்கு ஒரு தண்ணீரா இரண்டா என்பது அந்தத் தரப்படுத்தலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விளக்கம் தவறாக இருந்தும் அளவை சரியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

பிரிடினைப் பற்றிய எண்ணமும் நெடுங்காலம் தவறாகவே இருந்தது. அது சல்ஃபர் டை ஆக்சைடோடும் அயோடினோடும் கூட்டுச் சேர்ந்து வினையை நடத்துகிறது என்று பாடநூல்கள் நீண்ட சமன்பாடுகள் எழுதின. சில நூல்கள் இன்னும் எழுதுகின்றன. வெர்ஹோஃப், பாரன்ட்ரெக்ட் என்ற டச்சு வேதியியலாளர்கள் 1976இல் அதை உடைத்தார்கள். பிரிடினுக்கு அங்கே சிறப்பு வேலை ஏதும் இல்லை, கரைசலின் பி.எச். மதிப்பை ஏற்ற இடத்தில் நிறுத்தி வைப்பது ஒன்றே அதன் பணி. பி.எச். 5க்குக் கீழே போனால் வினை மந்தமாகும், 5.5 முதல் 8 வரை வேகம் குறையாது. அப்படியானால் இந்த வேலையை வேறு எந்தக் காரமும் செய்யலாமே? செய்தது. 1980களில் ஆய்கன் ஷோல்ஸ் என்ற ஜெர்மானியர் பிரிடினுக்குப் பதில் இமிடசோலைப் போட்டார். வினை முன்னைவிட விரைந்தது, முடிவுப் புள்ளி தடுமாறாமல் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம் போனது. பிரிடினின் அழுகல் வாடையை ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு ஷோல்ஸின் அருமை புரியும்.

இப்போது ஓர் ஆய்வகத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. “கே.எஃப். பார்த்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். மேசையில் மூடிய கண்ணாடிக் குடுவை, அடியில் காந்தக் கலக்கி, மேலே மோட்டார் இயக்கும் பியூரெட். காற்று நுழையக்கூடிய ஒவ்வொரு வழியிலும் ஈரம் உறிஞ்சும் பொடி நிரப்பிய குழாய். மெத்தனாலைக் குடுவையில் ஊற்றியதும் முதலில் அதில் இருக்கும் தண்ணீரையே அயோடினால் தீர்த்துவிடுகிறார்கள். தராசில் வெறும் பாத்திரத்துக்குத் தடை கட்டிவிட்டு எண்ணெய் நிறுப்பதைப் போன்றது இது. மெத்தனால் எவ்வளவு ஈரமாக இருந்தாலும் கவலையில்லை. மாதிரியைப் போடுமுன் குடுவைக்குள் தண்ணீர் இல்லை என்றாக்கிவிட்டால் போதும்.

முடிவுப் புள்ளியைக் கண்ணால் பார்ப்பதும் இப்போது இல்லை. கரைசலுக்குள் இரண்டு பிளாட்டினக் கம்பிகள் நிற்கும். அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை மாறாமல் செலுத்த வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை தனி அயோடின் கரைசலில் தங்காது. மின்னோட்டத்தை ஓட்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். தண்ணீர் தீர்ந்து அயோடின் துளி மிஞ்சியதும் ஒரு கம்பியில் அயோடின் அயோடைடாகவும் மற்றதில் அயோடைடு அயோடினாகவும் மாறத் தொடங்கும். மின்னழுத்தம் சட்டென்று விழும். கருவி அதைக் கண்டு பியூரெட்டை நிறுத்திவிடும்.

கரைசலைத் தரப்படுத்தப் பெரும்பாலும் சோடியம் டார்ட்ரேட் உப்பு. அதில் இரண்டு படிக நீர் உண்டு; 15.66 சதவீதம் தண்ணீர். காற்றில் வைத்தாலும் இந்த அளவு எளிதில் மாறாது, அதுதான் அதன் சிறப்பு. 200 மில்லிகிராம் எடுத்தால் தண்ணீர் 31.3 மில்லிகிராம். அதற்குக் கரைசல் 6.26 மில்லிலிட்டர் செலவானால் ஒரு மில்லிலிட்டர் 5 மில்லிகிராம் தண்ணீரைத் தீர்க்கும். அடுத்து அமாக்சிசிலின் 300 மில்லிகிராம் போடுகிறோம், 7.8 மில்லிலிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 39 மில்லிகிராம், அதாவது 13 சதவீதம். தொகுதி தேறியது. எல்லாம் சேர்த்துச் சில நிமிட வேலை.

மருந்தில் 13 சதவீதத்தை அளப்பது சுலபம். மின்மாற்றி எண்ணெயில் அளப்பதுதான் ஆளைச் சோதிக்கும். மின்மாற்றிக்குள் காப்புக்காக நிரப்பும் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தால் அது தாங்கும் மின்னழுத்தம் குறையும்; சுருள்களில் சுற்றிய காகிதமும் விரைவில் நைந்துபோகும். டேங்கரில் வரும் புதிய எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது பன்னாட்டுத் தர விதி. இவ்வளவு சிறிய தண்ணீருக்குப் பியூரெட்டின் ஒரு துளியே பெரிது. அதற்கு வேறு வழி இருக்கிறது. அயோடினை வெளியிலிருந்து ஊற்றாமல், குடுவையில் உள்ள அயோடைடிலிருந்து மின்சாரத்தால் அங்கேயே உண்டாக்குவது. 1959இல் மேயர், பாய்டு இருவரும் தொடங்கிவைத்தது. எவ்வளவு மின்னூட்டம் பாய்ந்தது என்று அளந்தால், ஃபாரடே விதிப்படி எவ்வளவு அயோடின் பிறந்தது என்று தெரியும். ஒரு மில்லிகிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 10.7 கூலூம். 100 மில்லியாம்பியர் மின்னோட்டம் 107 நொடி பாய்ந்தால் ஒரு மில்லிகிராம் தீரும். பத்து மைக்ரோகிராம் தண்ணீரைக்கூட இப்படி எண்ணிவிடலாம்.

இங்கே 1939ஆம் ஆண்டு வேலையின் மதிப்பு தெரிகிறது. மின்சாரத்தால் அளக்கும்போது விடை நேரே ஃபாரடே விதியிலிருந்து வருகிறது. ஒரு அயோடினுக்கு இரண்டு தண்ணீர் என்று நம்பியிருந்தால் ஒவ்வொரு விடையும் இரு மடங்காகியிருக்கும். ஃபிஷருக்குத் தேவைப்படாத சரியான சமன்பாடு, மேயருக்கும் பாய்டுக்கும் இல்லாமல் முடியாது.

நம் ஊர் ஆய்வகங்களுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், ஒரு லிட்டர் காற்றில் 24 மில்லிகிராம் தண்ணீர் இருக்கும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் தண்ணீர் உள்ள மின்மாற்றி எண்ணெயில் 10 கிராம் எடுத்தால், அதில் மொத்தமே 0.15 மில்லிகிராம்தான். அதே அளவு தண்ணீர் வெறும் ஆறு மில்லிலிட்டர் காற்றில் இருக்கிறது. குடுவையின் மூடியை ஒரு கணம் திறந்தால் அளவை பாழ். ஆகவே எண்ணெயை ஊசிக்குழலில் காற்றுக் குமிழியின்றி இழுத்து, ரப்பர் மூடியைக் குத்தி உள்ளே செலுத்துகிறார்கள். முன்னும் பின்னும் ஊசிக்குழலை எடை போட்டு எவ்வளவு போனது என்று அறிகிறார்கள். அப்படியும் சிறிது ஈரம் கசிந்தபடியே இருக்கும். இதை ‘ட்ரிஃப்ட்’ என்பார்கள். நிமிடத்துக்கு 20 மைக்ரோகிராம் கசிந்தால் மூன்று நிமிடத்தில் 60 மைக்ரோகிராம். அமாக்சிசிலின் கணக்கில் அது தூசு. எண்ணெய்க் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு. கழித்தே ஆக வேண்டும். எண்ணெயின் அளவையில் எண் விநோதமாக வந்தால் கருவியைக் குறை சொல்லுமுன் மூடியின் ரப்பரையும் உறிஞ்சு பொடியையும் மாற்றிப் பாருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

தண்ணீரை மட்டும் எண்ணுகிறது என்று தலைப்பில் எழுதிவிட்டேன். முழு உண்மை அப்படி இல்லை. வைட்டமின் சி அயோடினைத் தானே தின்றுவிடும். கருவி அதையும் தண்ணீர் என்றே எழுதும். அசிட்டோன் போன்ற கீட்டோன்கள் வேறு வகையில் ஏமாற்றும். மெத்தனாலோடு வினைபுரிந்து புதிதாகத் தண்ணீரை உண்டாக்கும். அயோடின் அதைத் தீர்க்கத் தீர்க்க மேலும் வந்துகொண்டே இருக்கும், முடிவுப் புள்ளி நில்லாமல் நழுவும். கீட்டோன்களுக்கு மெத்தனால் இல்லாத தனிக் கரைசல்கள் விற்கிறார்கள். மெத்தனாலில் கரையாத பிளாஸ்டிக் குருணை போன்றவற்றைத் தனிச் சூடேற்றியில் வைத்து, வெளிவரும் நீராவியை மட்டும் உலர்ந்த நைட்ரஜனில் ஏற்றிக் குடுவைக்குள் அனுப்புகிறார்கள். ஒதுக்கி வைத்த அடுப்பு இப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது. ஆனால் இப்போது வெளியேறியது தண்ணீர்தானா என்று சரிபார்க்க அயோடின் இருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு என்ற இந்த எண் நம் அன்றாடத்துக்குள் எங்கெல்லாம் இருக்கிறது என்று சொல்லப்போனால் பட்டியல் நீளும். இரண்டு மட்டும் சொல்கிறேன். கார் பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பின் அந்த வரம்பு 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் ஆவிக்குமிழி கட்டினால் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வது பணிமனைக்காரரின் வியாபாரத் தந்திரம் மட்டும் இல்லை. இன்னொன்று கைப்பேசியின் லித்தியம் மின்கலம். அதன் மின்பகுளியில் உள்ள லித்தியம் உப்பு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை உண்டாக்கும். அது மின்கலத்தை உள்ளிருந்தே அழிக்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு தண்ணீர்கூட மிகுதி என்று உற்பத்தியாளர்கள் கருதுகிறார்கள். அதை அளப்பதும் மின்சாரத்தால் அயோடின் உண்டாக்கும் அதே குடுவைதான்.

கார்ல் ஃபிஷர் 1958இல் இறந்தார். மேயர், பாய்டு கட்டுரை வெளிவந்தது அடுத்த ஆண்டு. அதற்குப் பிறகு அவருடைய கரைசலில் ஒவ்வொன்றாக மாறிவருகிறது. பிரிடின் போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த இமிடசோலும் இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிப்பது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, இமிடசோல் இல்லாத கரைசல்கள் கடைக்கு வந்துவிட்டன. நச்சுள்ள மெத்தனாலுக்குப் பதில் எத்தனால் கலந்தவையும் கிடைக்கின்றன. அயோடினையும் சல்ஃபர் டை ஆக்சைடையும் மட்டும் இன்றுவரை யாராலும் மாற்ற முடியவில்லை.